அடைப்புக்குறிக்குள் ஒரு முழங்கால்

எங்கள் பிர்ராமூக் காற்பந்துக் குழுவின் ஆட்டக்காரர் பட்டியல் வியாழக்கிழமைதோறும் எங்கள் வாரப் பத்திரிகையில் வரும். முப்பது வருடமாக அதை எழுதுவது நான்தான். இது ஆஸ்திரேலியக் காற்பந்து: பந்தைக் கையில் தூக்கிக்கொண்டும் ஓடலாம், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் உள்ளே, யார் வெளியே என்று இரண்டு வரி. வெளியே போகிறவன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ஒரே வார்த்தையில் காரணத்தை எழுத வேண்டும். மெல்பர்ன் பத்திரிகைகளில் (தொடை), (தோள்), (விலா) என்று கசாப்புக் கடைப் பலகை மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் (விதைப்பு), (கல்யாணம்), (மாமியார்) என்று இருக்கும். ஒருமுறை (வெட்கம்) என்றுகூட எழுதியிருக்கிறேன். முந்தின வாரம் பந்தைத் தூக்கிக்கொண்டு தப்பான பக்கம் ஓடியவன் அவன்.

ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுதியதில்லை: (நீக்கம்). பதினெட்டுப் பேரைத் தேற்றுவதற்கே பாதிரியாரைக் கெஞ்சிக் காலணி மாட்ட வைக்கிற ஊரில் யாரை நீக்குவது? மூச்சு விடுகிறவன் எல்லாம் உள்ளே.

ரோலி ட்ரெவாஸ்கிஸின் வாழ்க்கை முழுக்க ஓர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அதனுள்ளே இருந்த வார்த்தை முழங்கால்.

ஊர் சொல்லும் கதை இது. 1963இல் ரோலிக்கு இருபது வயது. கோதுமை விவசாயியின் ஒரே மகன். மெல்பர்னின் பெரிய குழு ஒன்று அவரைக் கூப்பிட்டது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களும் இவரை மறந்திருப்பார்கள், சங்கடப்படுத்துவானேன். பிர்ராமூக்கிலிருந்து அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. நான்கு சனிக்கிழமைகள் ஆடினார். ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டு வேளையில், ஊரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அறிவிப்பாளர் வாசித்தார்: "வெளியே, ட்ரெவாஸ்கிஸ், முழங்கால்." அவருடைய அப்பா கையிலிருந்த முள்கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் டிராக்டர் பக்கத்தில் நின்றார். மறுநாள் காலைப் பத்திரிகையில் அதுவே அச்சில், அடைப்புக்குறியோடு வந்தது. அந்தத் துண்டை அம்மா வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சமையலறையில் மாட்டினார்.

ரயிலில் மாவுக்கட்டோடு வந்து இறங்கியவரை வரவேற்க நடைமேடை நிறைய ஆள் நின்றது. அப்போது எனக்கு எட்டு வயது. எனக்குத் தெரிந்தது எல்லாம் பெரியவர்களின் இடுப்பும், நடுவில் ஒரு வெள்ளைக் காலும்தான்.

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் 'முட்டி'.

எங்கள் ஊர் விடுதியில் வெளியூர்க்காரர் யாராவது தப்பித் தவறி நுழைந்தால், பியர் வருவதற்கு முன்னால் முட்டி வந்துவிடுவார். "மூலைல உக்காந்திருக்காரே, அவர் யார் தெரியுமா? மெல்பர்ன்ல ஆடினவரு. முட்டி மட்டும் போகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, தலையை ஆட்டி, நிறுத்திவிடுவார்கள். அந்த வாக்கியத்தை எங்கள் ஊரில் ஒருவரும் முடித்ததில்லை. முடிக்காமல் விட்டதால்தான் அது நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் நல்ல ஆட்டக்காரராக இருந்திருப்பார். பிறகு அணித் தலைவராக இருந்திருப்பார். நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் ஊர் நடுவில் சிலையாக இருந்திருப்பார். அந்த நான்கு ஆட்டங்களில் அவர் அடித்தது மொத்தம் ஒரு கோல் என்பதைப் பழைய பத்திரிகைகளைப் புரட்டி நான் கண்டுபிடித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானும் இந்த ஊரில்தான் குடிக்க வேண்டும்.

ரோலி கோதுமைக் களஞ்சியத்தில் எடைமேடைக் குடிசையில் வேலை பார்த்தார். அறுவடை ஆறு வாரம். லாரிகள் வரிசையில் நிற்கும். மீதி நாற்பத்தாறு வாரம் அவரும் காற்றும் எடைமுள்ளும். அப்பா போனார், அம்மா போனார், பலகை வீட்டில் அவர் மட்டும் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் விடுதியில் சாப்பாடு. மற்ற நாட்களில் ஆட்டிறைச்சித் துண்டு இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு. ஒரு துண்டு போதும் என்றாலும் கடைக்காரர் இரண்டுதான் கட்டுவார். "முட்டிக்கு எலும்புச் சத்து வேணுமே" என்பார், நாற்பது வருடமாக.

சனிக்கிழமைகளில் மைதானம். எங்கள் ஊர்களில் ஆட்டத்தைக் காரில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். வேலியைச் சுற்றி வட்டமாக, மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு கார்கள் நிற்கும். நம் ஆள் கோல் அடித்தால் எல்லாரும் ஹார்ன் அடிப்பார்கள். யார் கார் எங்கே என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற விஷயம். தேவாலயத்தில் இடம் மாறி உட்கார்ந்தால்கூடக் கடவுள் மன்னிப்பார். இங்கே மன்னிப்பு கிடையாது. ரோலியின் பழைய வெள்ளை ஹோல்டன் நிற்கும் இடம் வடக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால், புள்ளிப் பலகைக்குக் கீழே. கார் நிறைய இடம் இருந்தாலும் அவர் மட்டும்தான். கோல் விழுந்தால் எல்லா ஹார்னும் அலறும். அவருடையது மட்டும் அலறாது. "பாவம், மனசு வலிக்கும்ல" என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது.

போன மார்ச்சில் அடித்த காற்றில் பழைய புள்ளிப் பலகை சாய்ந்தது. தகர எண்களை ஆணியில் மாட்டுகிற பலகை, எழுபது வயது. புதிதாக மின்விளக்குப் பலகை வைக்க முடிவானது. அதன் நெற்றியில் யார் பெயர் என்பதற்குக் கூட்டம் நான்கு நிமிடம் நடந்தது. அதில் மூன்று நிமிடம் பிஸ்கட் பற்றி.

குழுத் தலைவி நோலீன் க்ரோசர்தான் மைதானச் சமையலறையில், மாவுக்குள் இறைச்சி வைத்த 'பை' என்ற பலகாரத்தைச் சுடுகிறவரும். ஜன்னல் வழியாகப் பையை நீட்டும்போது சொல்லிவிட்டார்.

"முட்டி, போர்டுக்கு உன் பேரு. ட்ரெவாஸ்கிஸ் பலகை. ரெண்டடி எழுத்து, தங்கக் கலரு."

"வேணாம் நோலீன்."

"தெரியும், வேணாம்னுதான் சொல்லுவே. அதனாலதான் முன்னாடியே எழுதக் குடுத்துட்டேன்."

"நிஜமாவே வேணாம். வேற யார் பேரையாவது போடு. உன் பேரைப் போடு. இருபது வருஷமா பை சுடறே."

"பை சுடறவ பேரைப் பாத்து எவன்யா ஓடுவான்? சாஸ் போதுமா? அடுத்து யாரு!"

திங்கட்கிழமை ரோலி என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தொரு வருடத்தில் அவர் எங்கள் வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"திருத்தம் போடுவீங்களா மேட்? தப்பா ஏதாவது அச்சாயிட்டா?" என்றார். எங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் 'மேட்'தான், நண்பா என்று அர்த்தம்.

"போடுவோம். போன வாரம்தானே போட்டோம், கிளி கண்காட்சிக்குத் தேதி மாத்தி."

"1963ல வந்ததுக்கும் போடுவீங்களா?"

நான் பேனாவை வைத்தேன்.

"அந்த வியாழக்கிழமை" என்று ஆரம்பித்தார். "சாயங்காலப் பயிற்சி முடிஞ்சதும் கோச் கூப்பிட்டார். 'ரோலி, நீ ரொம்ப நல்ல பையன்'னார். நல்ல பையன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நல்லா ஆடறவனை யாரும் நல்ல பையன்னு சொல்றதில்ல. 'ஆனா நீ ஒரு எட்டு மெதுவா இருக்கே. இந்த வாரம் ரெண்டாவது அணிக்குப் போ. திரும்ப மேல வருவேன்னு உனக்கு நம்பிக்கை குடுக்க எனக்கு மனசில்ல'ன்னார். கை குடுத்தார். அவ்வளவுதான்."

"அப்ப முழங்கால்?"

"அதுக்கப்புறம். வெளில வந்தேன். எல்லாரும் குளிக்கப் போயிட்டாங்க. மைதானத்துல இருட்டு விழுந்துட்டிருந்துச்சு. மெதுவாங்கறாரே, ஒரு சுத்து ஓடிப் பாப்போமேன்னு ஓடினேன். பந்து கிடையாது, ஆள் கிடையாது. பாதி சுத்துல தண்ணிக் குழாய் மூடி ஒண்ணு லேசா தூக்கிட்டு நின்னுச்சு. கால் அதுல போய்ச் சொருகிடுச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சு."

தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என் வாழ்க்கையிலேயே அன்னிக்குத்தான் வேகமா ஓடினேன்னு நினைக்கிறேன். யார் பாத்தா?"

குழுச் செயலாளர் ஆல்ஃப் பென்டர்காஸ்ட் என்ற கிழவர்தான் அவரைக் கண்டெடுத்தாராம். வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்ல வேண்டிய பட்டியல் கையில் இருந்தது. அதில் ட்ரெவாஸ்கிஸ் பெயருக்குப் பக்கத்தில் (நீக்கம்) என்று பென்சிலில் எழுதியிருந்தது. புல்லில் கிடந்தவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"'ஊர்ல உங்க அப்பா ரேடியோ கேப்பாராடா?'ன்னு கேட்டார். 'கேப்பார்'னேன். அப்படியே குனிஞ்சு, தாளை என் முதுகுல வச்சு, அதை அடிச்சுட்டு முழங்கால்னு எழுதினார். முதுகுல பென்சில் ஓடினது இன்னும் ஞாபகம் இருக்கு. நான் வேணாம்னு சொல்லல."

"ஆனா ரோலி, முழங்காலும் உண்மைதானே? மூணு மாசம் மாவுக்கட்டு போட்டீங்க. அதுக்கப்புறம் ஆட முடியல."

"உண்மைதான். ரெண்டாவது உண்மை. முதல் உண்மை பத்து நிமிஷம் முன்னாடியே நடந்துடுச்சு."

"அப்பாகிட்ட?"

"அவர் அதே பட்டியலை இன்னொரு பேப்பர்லேந்து வெட்டிப் பர்சுல வச்சிருந்தார். அம்மா சுவத்துல வச்சிருந்தாங்க. எங்க போய்ச் சொல்றது?" தொப்பி விளிம்பிலிருந்த கோதுமைத் தூசியைத் தட்டினார். "ஐலீன்கிட்ட சொல்லப் போனேன்."

ஐலீன் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். இருவரும் இரண்டு வருடம் ஒன்றாகச் சுற்றினார்கள். பிறகு என்ன ஆயிற்றென்று ஊருக்கே தெரியாது. ஐலீன் பிறகு ஒரு கம்பளி வியாபாரியைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

"வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவ சொல்லிட்டா. 'உன் முட்டி எப்படியிருந்தாலும் எனக்குப் பரவாயில்ல ரோலி'ன்னு. எவ்வளவு நல்ல மனசு பாருங்க. அதுக்கு மேல என்ன சொல்ல? முட்டியைக் கட்டிக்கத் தயாரா இருந்தா. எனக்குத்தான் அதுக்குத் துணையா மாப்பிள்ளை வேஷம் போட முடியல."

"இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப எதுக்கு?"

"இத்தனை வருஷம் பேச்சுதானே. காத்துல போயிடும். இது தங்க எழுத்து, போல்ட்டு போட்டு முறுக்கப் போறாங்க. நான் செத்தாலும் அந்த 'இருந்திருந்தா' நிக்கும். அந்த 'இருந்திருந்தா' ஆளை எனக்குத் தெரியவே தெரியாது மேட். நாப்பத்தொரு வருஷமா அவனுக்கு வர்ற பியரை நான் குடிச்சிட்டிருக்கேன். பேரு மேல ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே தடவை, எல்லாருக்கும் தெரிஞ்சுடணும். அப்புறமும் போடறதுன்னா போட்டுக்கட்டும்."

போட்டேன். செய்திப் பக்கத்தில் இடமில்லை. முதல் பக்கம் கோதுமை விலைக்கும் மரணங்களுக்கும் உரியது. என் வாராந்திர நகைச்சுவைப் பத்தியில், ஆட்டக்காரர் பட்டியலுக்குக் கீழே, கட்டம் கட்டிப் போட்டேன்:

"திருத்தம். 1963 ஜூன் மாதம் வெளியான பட்டியலில் ட்ரெவாஸ்கிஸ் (முழங்கால்) என்று இருந்தது. ட்ரெவாஸ்கிஸ் (நீக்கம்) என்று இருந்திருக்க வேண்டும். முழங்கால் அதற்குப் பிறகு நேர்ந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம்."

கடைசி வரி அவர் கேட்டதல்ல. என் கை சும்மா இருக்காது. அது மட்டுமா, அந்தப் பத்தியில் அதற்கு முந்தின வாரம் மாவட்ட மன்றத் தலைவரின் மூளை தவறுதலாக அறுவடை இயந்திரக் கண்காட்சியில் வைக்கப்பட்டதாக விளையாட்டுத் திருத்தம் போட்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம் பாதிரியாருக்கு வயது இருபத்தொன்று என்று. இந்த மாவட்டத்தில் எதையாவது யாரும் நம்பக்கூடாது என்றால் அதை என் பத்தியில் போட்டால் போதும்.

வியாழக்கிழமை மாலை விடுதியில் நான் நுழைந்ததும் கைதட்டல்.

"யோவ், முட்டியையே நீக்கிட்டியே! அடப்பாவி!"

"நாப்பத்தொரு வருஷத் தாமதமாம்! எங்க ஊர்த் தபாலே தேவல போல!"

"முட்டி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. இவன் செத்தவனையே விடமாட்டான்."

மூலையில் ரோலி எழுந்து நின்றார். "அது ஜோக் இல்ல" என்றார். "நான்தான் போடச் சொன்னேன்."

கூடம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. ஒருவர் அவர் தோளில் கைபோட்டு, "பாத்தியா, முட்டிக்கு எவ்வளவு பெரிய மனசு! அவரே போடச் சொன்னாராம்!" என்று இன்னொரு பியரை அவர் முன்னால் வைத்தார். ரோலி அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நுரை அடங்கியது. குடிக்கவில்லை.

நான் மறுவாரம் நேராக, ஒரு சிரிப்பும் இல்லாமல், முழுக் கதையையும் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒரே ஜோக்கை ரெண்டு வாரம் போடாதய்யா. முதல் வாரம்தான் சுவாரஸ்யம்" என்றார்.

திறப்பு விழா ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, ஆட்டத்தின் இடைவேளையில். குளிரில் எல்லாரும் காருக்குள் இருந்தார்கள். கண்ணாடிகளில் ஆவி படர்ந்திருந்தது. நோலீன் மாவுக் கையோடு ஒலிவாங்கியைப் பிடித்து என் திருத்தத்தை அப்படியே வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஹார்ன். "இப்படிக் கிண்டல் பண்ணினாலும் சிரிச்சுட்டு நிக்கற மனுஷன்! அதான் நம்ம முட்டி!" என்றார்.

ரோலி சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். அவர் ஒலிபெருக்கியில் பேசி யாரும் கேட்டதில்லை, ஹார்ன்கள் நின்றன.

"அவர் எழுதினது நிஜம்" என்றார். "நான் மெதுவா இருந்தேன். என்னை நீக்கிட்டாங்க. நீக்கினப்புறம்தான் கால் போச்சு. கால் போகலேன்னாலும் நான் மேல வந்திருக்க மாட்டேன். அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

ஒரு மூச்சு நேரம் மைதானமே அமைதியாக இருந்தது. நம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்போது மேற்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்: "அடக்கம் போதும் முட்டி! எங்களுக்குத் தெரியாதா!" ஒரு ஹார்ன். இரண்டு. பிறகு வட்டம் முழுக்க, நூறு கார், ஒரே சமயத்தில். ரோலியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. நோலீன் பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேலே ரோலியின் பெயர் எரிந்தது.

அவர் காருக்குப் போனார். ஆட்டம் முடியும்வரை உள்ளேயே இருந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

அடுத்த உள்ளூர் ஆட்டம் இரண்டு வாரம் கழித்து, டெர்ராவில் என்ற ஊர்க்காரர்களோடு. பலகைக்குக் கீழே அவருடைய இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே காரை விடவில்லை. பல் விழுந்த மாதிரி வரிசையில் ஓர் ஓட்டை. உடம்புக்கு ஏதாவது என்று நினைத்தேன். நான்கு பகுதி ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் குறிப்பெடுத்துக்கொண்டே எல்லையைச் சுற்றி நடந்தபோதுதான் கண்டேன். தெற்குப் பக்கம், வெளியூர்க் கார்களின் வரிசையில், சேறு படிந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே வெள்ளை ஹோல்டன் நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. பக்கத்து வண்டியின் கண்ணாடியும் இறங்கியிருந்தது. அதற்குள் டெர்ராவில்காரர் ஒருவர், காதை மூடும் கம்பளித் தொப்பியோடு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வேலியோரமாகக் குனிந்து காலணி நாடாவைக் கட்டினேன். அவிழாத நாடாதான்.

"நீங்களும் ஆடினவரா மேட்?" என்றார் டெர்ராவில்காரர்.

"ஆடியிருக்கேன். மெல்பர்ன்ல நாலு மேட்ச்."

"அப்படியா! அப்புறம்?"

"நீக்கிட்டாங்க."

"ஏனாம்?"

"மெதுவா இருந்தேன்."

டெர்ராவில்காரர் மூடியில் தேநீரை நிரப்பி, ஜன்னல் வழியாகக் கை நீட்டி அவரிடம் கொடுத்தார். "ம்" என்றார். "என் தம்பியையும் அப்படித்தான் அனுப்பிட்டாங்க. அவன் ஒரே மேட்ச். சர்க்கரை போட்டிருக்கேன், பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

இருவரும் குடித்தார்கள். டெர்ராவில் குழு ஒரு கோல் அடித்தது; அந்தப் பக்கத்துக் கார்கள் எல்லாம் அலறின. ஹோல்டனிலிருந்தும் ஒன்று கேட்டது. சின்னதாக, பழகாத மாதிரி.

டெர்ராவில்காரர் சிரித்துவிட்டு மைதானத்தின் மறுகோடியைக் கையால் காட்டினார். பகலிலேயே பலகையில் விளக்கு எரிந்தது.

"ட்ரெவாஸ்கிஸ்னு போட்டிருக்கே, யாரு அது? பெரிய ஆளோ?"

ரோலி காலி மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "பாத்ததில்ல."